இருளில் ஒளிரும் கற்கள்

நுழையும் முன்

கல்லைக் காலால் எற்றிச் செல்வோர் பலர். கையில் எடுத்துப் பார்ப்போர் சிலர். சேலம், நாமக்கல் சமவெளியில் கிடைக்கும் கனிமங்களுள் சில, புறஊதா ஒளி பட்டால் இருளில் ஒளிரும் இயல்பின. அவற்றைத் தேடி அறியும் முறையையும், அவை கிடக்கும் நிலத்தைக் காக்கும் கடமையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கல் ஒளிர்வது ஏன்?

புறஊதா ஒளி நம் கண்ணுக்குப் புலனாகாது. சில கனிமங்கள் அதனை உட்கொண்டு, அவ்வாற்றலின் ஒரு பகுதியைக் காணத்தக்க ஒளியாக வெளியிடுகின்றன. விளக்கை அணைத்தவுடன் மறைவது உடனொளிர்வு. சற்று நேரம் நீடிப்பது நின்றொளிர்வு. 1852-இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர், ஃபுளோரைட் என்னும் கனிமத்தின் பெயரைக் கொண்டே உடனொளிர்வுக்கு ஆங்கிலப் பெயர் சூட்டினார்.

கல்லில் மிகச் சிறிதளவு கலந்த வேற்றுப்பொருளே பெரும்பாலும் இவ்வொளிக்குக் காரணம். மாங்கனீசு கலந்த கால்சைட் செம்மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒளிரும். குரோமியம் கலந்த குருந்தக்கல் தணல்போலச் சிவக்கும். இரும்பு மிகுந்தால் அவ்வொளி மங்கும். எனவே ஒரே வகைக் கற்களுள்ளும் ஒன்று ஒளிரும், மற்றொன்று ஒளிராது.

நம் நிலத்தின் செல்வம்

சேலத்தின் வடபால் மேக்னசைட் எனப்படும் வெள்ளைக்கல் மிகுதி. அப்பெயரிலேயே தொடர்வண்டி நிலையமும் உண்டு. சங்ககிரியில் கிடைக்கும் சுண்ணாம்புக்கல்லின் முதன்மைக் கனிமம் கால்சைட். நாமக்கல் மாவட்டச் சித்தம்பூண்டியில் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடைய அனார்த்தசைட் பாறையில் செந்நிறக் குருந்தம் காணப்படுகிறது. மாணிக்கமும் நீலமும் குருந்தத்தின் வகைகளே. உலகம் வழங்கும் 'கொரண்டம்' என்னும் பெயர், குருந்தம் என்ற தமிழ்ச்சொல்லின் வழிவந்தது.

இதே அனார்த்தசைட் நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளிலிருந்து பெற்ற கல்லைப் பொடித்து, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் நிலவின் மண்ணைப் போன்ற செயற்கை மண்ணை உருவாக்கியது. சந்திரயான்-2 ஊர்தியை அதில் ஓட்டிச் சோதித்தது. ஊரார் நாளும் மிதித்து நடந்த கல்லே நிலவுப் பயணத்திற்குத் துணை நின்றது.

தேடலும் அறமும்

2017-இல் அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்கரையில், இரவில் புறஊதா விளக்குடன் நடந்த ஒருவர், சாம்பல் நிறக் கற்கள் நெருப்புத்துண்டம்போல் ஒளிரக் கண்டார். பகலில் அக்கரையில் நடந்தோர் எத்தனையோ பேர், கண்டவர் இல்லை.

தேடச் செல்வோர் நில உரிமையாளரின் இசைவு பெறுதல் வேண்டும். இரவில் பெரியோர் துணையின்றிச் செல்லலாகாது. செயல்படும் கல்குழிகளை அணுகுதல் கூடாது. புறஊதா விளக்கைக் கண்ணுக்கு நேரே பிடித்தல் தீது. உரிய கண்ணாடி அணிதல் நன்று. கல்லைப் பெயர்த்தெடுப்பதினும், கண்ட இடத்தையும் நிறத்தையும் ஏட்டில் குறிப்பதே சிறப்பு. இடம் அறியாத கல் வரலாறு இழந்த கல்லாகும்.

கோடிக்கணக்கான ஆண்டுகளில் உருவான பாறை, ஒரே நாளில் சல்லியாகிவிடும், மீண்டும் உருவாகாது. உடைக்குமுன் அது யாதென அறிதல் நம் தலைமுறையின் கடமையன்றோ?

சிந்தனை வினாக்கள்

1. உடனொளிர்வு, நின்றொளிர்வு – வேறுபடுத்துக.
2. ஒரே வகைக் கற்களுள் சில ஒளிர்வதும் சில ஒளிராமையும் எதனால்?
3. உம் ஊரில் கற்களுக்கு வழங்கும் பெயர்களை முதியோரிடம் கேட்டுத் தொகுக்க.