பெங்களூர் மதுக்கூடத்தில் மளிகைக் கடைக்கு ஒரு பாடம்



தலைப்பைப் பார்த்ததும் சிலர் முகம் சுளிக்கலாம். நாம் மதுவைத் தொட்டதில்லை. தொடச் சொல்லி எழுதவும் வரவில்லை. ஆனால் கூட்டம் கூடும் கடை எதுவானாலும் ஓரமாக நின்று கவனிப்பது நம் நாற்பது வருடப் பழக்கம். அப்படிக் கவனித்ததை இந்த இதழில் பாடமாக வைக்கிறோம்.

பேரனின் காதுகுத்துக்குப் பெங்களூர் போயிருந்தபோது, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்யும் நம் அண்ணன் மகன், "சித்தப்பா, ஒரு இடம் காட்டுகிறேன், வாருங்கள். நீங்கள் எலுமிச்சை ஜூஸ் குடியுங்கள், வியாபாரத்தை மட்டும் பாருங்கள்" என்று அழைத்துப் போனான். கடையிலேயே பீர் காய்ச்சி விற்கும் இடம் அது.

இந்த வியாபாரம் அந்த ஊரில் பழையது அல்ல. இந்திரா நகரில் 'டோயிட்' 2010-இல் திறக்கப்பட்டது. விட்டல் மல்லையா சாலையில் 'பியர் கிளப்' 2011-இல் வந்தது. ஒயிட்ஃபீல்டில் 'விண்ட்மில்ஸ்' 2012-இல் தொடங்கியது. பிறகு ஊர் முழுவதும் பரவிவிட்டது.

தயாரிப்பு எப்படி?

முளைகட்டி உலர்த்திய பார்லியை உடைத்து, சுமார் 65 டிகிரி சூட்டுத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கிறார்கள். மாவுச்சத்து சர்க்கரையாகிறது. வடித்த சாற்றை ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவுடன் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்துத் தொட்டியில் புளிக்க விடுகிறார்கள். இரண்டு முதல் நான்கு வாரத்தில் சரக்கு தயார். நூறு லிட்டருக்குச் சுமார் 20 கிலோ ஈரச் சக்கை மிஞ்சும். அது மாட்டுத் தீவனம். தவிட்டையும் புண்ணாக்கையும் காசாக்கத் தெரிந்த நமக்கு இது புதிதல்ல.

பாடம் ஒன்று: சரக்கைக் கண்ணில் காட்டு

தொட்டிகள் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் எல்லோருக்கும் தெரியும்படி நிற்கின்றன. பலகையில் ஒவ்வொரு பீரின் பெயர், எதில் செய்தது, சுவை எப்படி என்று எழுதியிருக்கிறது. 1516-இல் ஜெர்மனியின் பவேரியாவில் ஒரு சட்டம் வந்தது. பீரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது என்றது. அதே சட்டம் விலைக்கும் உச்சவரம்பு வைத்தது. கலப்படமும் அதிக விலையும் வாடிக்கையாளரின் பழைய பயங்கள்.

நம் கடையில் என்ன செய்கிறோம்? "நல்ல அரிசி" என்று வாயால் சொல்கிறோம். எந்த மில், புதிதா பழையதா, எத்தனை மாதம் ஆனது என்று எழுதி வைக்கிறோமா? ஆரணி அரிசிக்கு இருக்கும் பெயரை ஊரிலுள்ள நாமே பலகையில் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்?

பாடம் இரண்டு: ருசி காட்டிய பிறகு விற்பனை

பணியாளர் ஒரு மரப்பலகையில் நான்கு சிறிய கிளாஸ்களை வைத்து, இன்னது இன்னது என்று விளக்கினார். அண்ணன் மகன் நான்கையும் சுவைத்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். வெல்லம், காப்பித்தூள், ஊறுகாய் விற்கும் நாம் ஒரு துளி கொடுக்கத் தயங்குகிறோம். கிள்ளிக் கொடுத்த வெல்லம் நஷ்டமல்ல. அது விளம்பரச் செலவு.

பாடம் மூன்று: அளவு

அடுத்து ஒரு காக்டெயில் கூடத்தைக் காட்டினான். கை தேர்ந்தவர்கூடக் கண்ணளவில் ஊற்றவில்லை. 30, 60 மில்லி அளவுக் கிண்ணத்தில் அளந்தே ஊற்றினார். கணக்குப் பாருங்கள். 750 மில்லி பாட்டிலில் 30 மில்லி வீதம் 25 முறை வரும். ஒவ்வொரு முறையும் 5 மில்லி கூடினால் 21 முறைதான். நான்கு முறைக்கான பணம் போயிற்று.

நம் கணக்குக்கு வருவோம். 50 கிலோ சர்க்கரை மூட்டையை அரைக் கிலோ பொட்டலமாகப் போட்டால் 100 வரவேண்டும். பொட்டலத்துக்கு 10 கிராம் கூடினால் 98 தான். கிலோவுக்கு ஒரு ரூபாய் லாபம் என்றால் மூட்டைக்கு 50 ரூபாய். சர்க்கரை கிலோ 45 ரூபாய் என்று வைத்தால், கூடுதலாய்ப் போன ஒரு கிலோ அந்த லாபத்தில் ஐந்து ரூபாயைத்தான் மிச்சம் வைக்கும். குறைத்து நிறுத்தாலோ ஆளே போய்விடுவார்.

பாடம் நான்கு: தேவைக்குத் தக்க சரக்கு

இந்த பீர் நாள்பட்டால் சுவை கெடும். ஆகவே தொட்டி காலியாவதைப் பார்த்தே அடுத்ததைக் காய்ச்சுகிறார்கள். இதைக் கேட்டபோது நமக்குப் பழைய தவறு ஒன்று நினைவுக்கு வந்தது. விலை ஏறும் என்று கோதுமை ரவையை ஏராளமாக வாங்கி அடுக்கினோம். புதிய மூட்டைகளை முன்னால் போட்டதால் பழையவை சுவரோரம் முடங்கின. வண்டு விழுந்த மூட்டை ஒன்று ஒரு சில்லறைக் கடைக்குப் போய்விட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். பன்னிரண்டு வருட வாடிக்கை திரும்பி வரவில்லை. முதலில் வந்தது முதலில் போகவேண்டும் என்பதை அன்று கற்றோம்.

இன்னொரு வியப்பு

காக்டெயில் பட்டியலைப் படித்தால் புளி, வெல்லம், இஞ்சி, மிளகு, கறிவேப்பிலை! எல்லாம் நம் கடைச் சரக்கு. 'பஞ்ச்' என்ற ஆங்கிலப் பானத்தின் பெயரே, ஐந்து பொருள் சேர்வதால், நம் நாட்டுப் 'பஞ்ச' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். வெல்லம், சுக்கு, ஏலக்காய் சேர்ந்த நம் பானகம் எதில் குறைந்தது? அளவாகக் கட்டி, செய்முறை எழுதிய பானகப் பொட்டலத்தைக் கோடையில் நாம் ஏன் விற்கக்கூடாது?

கற்கக் கூடாதது

தமிழ்நாட்டில் 2003 முதல் மதுச் சில்லறை விற்பனை அரசின் டாஸ்மாக் கையில் இருக்கிறது. அது நம் தொழில் அல்ல. ஆனால் அதன் கணக்கு நம் பாக்கி நோட்டில் தெரிகிறது. வெம்பாக்கம், ஆரணிப் பக்கத்தில் தறிக்கூலி வாங்கிய அன்று மாலை யார் வீட்டுக்கு அரிசி போகிறது, யார் வீட்டுக்குப் போகவில்லை என்பது மளிகைக்காரருக்குத் தெரியும். காலையில் அந்த வீட்டு அம்மா கால் லிட்டர் எண்ணெய்க்குக் கடன் கேட்டு நிற்பார். ஆகவே, அங்கே கண்ட ஒழுங்கை எடுத்துக்கொள்வோம். சரக்கை அங்கேயே விட்டுவிடுவோம்.

இந்த மாதப் பயிற்சி

1. பத்துப் பொட்டலங்களை மறுபடி நிறுத்துப் பாருங்கள். கூடுதல், குறைவு இரண்டையும் எழுதுங்கள்.
2. கிடங்கில் சுவரோரம் இருக்கும் மூட்டையின் தேதியைப் பாருங்கள்.
3. ஐந்து சரக்குக்காவது ஊரும் வயதும் எழுதிய அட்டை வையுங்கள்.
4. ஒரு சரக்கையாவது ருசி காட்டி விற்றுப் பாருங்கள்.

ஊர் திரும்பும்போது அண்ணன் மகன், "என்ன சித்தப்பா, ஜூஸ் குடிக்கவா இவ்வளவு தூரம்?" என்று சிரித்தான். வீடு வந்ததும் முதல் வேலையாகக் கிடங்கைத் திறந்து சுவரோர மூட்டைகளைப் புரட்டினோம். நீங்களும் செய்யுங்கள்.