நாளைக்கு வருவியா?

அன்புள்ள இனியா,

உங்கள் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டக் குழு இந்த ஆண்டு ஏழு நாள் முகாமைச் சென்னையில் நடத்தப்போகிறது என்றும், நடைபாதையில் தூங்குகிறவர்களுக்கு இரவுச் சாப்பாடு கொடுக்கும் பொறுப்பு உன்னிடம் வந்திருக்கிறது என்றும் அண்ணன் போனில் சொன்னார். கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது. உன் வயதில் நானும் அதே வேலைக்குப் போனவள். அன்று எனக்கு யாரும் சொல்லித்தராத சிலவற்றை நீ கிளம்புமுன் சொல்லிவிட வேண்டும்.

என் தவறிலிருந்தே தொடங்குகிறேன். தோழிகள் பத்துப் பேர் காசு சேர்த்து நூறு பொட்டலம் சாம்பார் சாதம் கட்டினோம். மதியம் சுடச்சுடக் கட்டியதை இரவு எட்டு மணிக்கு எழும்பூர் ரயில் நிலையத்துக்கு வெளியே கொடுத்தோம். ஒரு பாட்டி பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்தார். "ஊசிப்போச்சு கண்ணு" என்றார். குரலில் கோபமே இல்லை. "இன்னைக்கு அமாவாசை. காலையிலேருந்து நாலு பேர் சோறு குடுத்துட்டாங்க. நாளைக்கு வருவியா?" என்று கேட்டார். வருகிறேன் என்றேன். மறுநாள் எனக்குத் தேர்வு. போகவில்லை. முப்பது ஆண்டுகளாகியும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அந்தப் பாட்டி ஒரே பேச்சில் மூன்று பாடம் நடத்திவிட்டார். முதலாவது, சோறு கெடக்கூடாது. பருப்பு சேர்ந்த சாதத்தைச் சூட்டோடு மூடிக் கட்டினால் வேர்த்துச் சீக்கிரம் ஊசிவிடும். பரிமாறும் நேரத்துக்கு முன்னால் சமையுங்கள். முடியாவிட்டால் புளிசாதம் கட்டுங்கள். தண்ணீரையும் மறக்காதீர்கள். இரண்டாவது, எந்த நாளில் சோறு குவிகிறது, எந்த நாளில் பட்டினி கிடக்கிறார்கள் என்று அவர்களிடமே முன்கூட்டிக் கேளுங்கள். அமாவாசைக்கும் பிறந்தநாளுக்கும் பொட்டலம் தானாக வரும். செவ்வாய்க்கிழமைக்கு யார் வருவார்கள்? மூன்றாவது பாடத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

பொட்டலத்தை நீட்டிவிட்டு நகர்ந்துவிடாதே, இனியா. பக்கத்தில் உட்கார். "சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கொடு. வயதில் மூத்தவர்களை 'நீங்க' என்று அழை, பெயர் கேட்டு வைத்துக்கொள். போட்டோ எடுக்காதே. நம் வீட்டுப் பந்தியில் சாப்பிடுகிறவர் முகத்துக்கு நேரே யாராவது கேமராவை நீட்டுவார்களா?

அங்கே படுத்திருப்பவர்கள் எல்லாரும் பிச்சை எடுப்பவர்கள் என்று நினைத்துவிடாதே. மூட்டை தூக்குகிறவர், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறவர், கட்டட வேலைக்கு வந்தவர் என்று பகலெல்லாம் உழைக்கிறவர்கள் பலர். வேலை கிடைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வாடகை கொடுத்துத் தங்க அந்தக் கூலி போதாது. 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் வீடற்றவர்கள் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர். நிலையான முகவரி இல்லாதவருக்கு ரேஷன் கார்டு வாங்குவதே பெரும்பாடு. அப்படிப் பார்த்தால் பசிக்கும் வீடின்மைக்கும் வேர் ஒன்றுதான்.

பெருநகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒன்று என்ற கணக்கில், இரவும் பகலும் திறந்திருக்கும் காப்பகம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் உத்தரவிட்டது. சென்னையில் மாநகராட்சிக் காப்பகங்கள் இருக்கின்றன. நீங்கள் போகும் பகுதிக்குப் பக்கத்தில் எது இருக்கிறது, யாருக்கானது என்று முதல் நாளே விசாரித்து வை. ஆனால் யாரையும் கட்டாயப்படுத்தாதே. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்றால் குடும்பமாக இருப்பவர்கள் பிரிய மனமில்லாமல் தெருவிலேயே இருந்துவிடுவார்கள். காரணத்தைக் கேட்டால்தான் தெரியும். தனியாக நிற்கும் குழந்தையைப் பார்த்தால் 1098, உடம்புக்கு முடியாதவர் என்றால் 108, ஆபத்தில் இருக்கும் பெண் என்றால் 181. இந்த மூன்று எண்களும் குழுவில் எல்லாருடைய போனிலும் இருக்கட்டும்.

சிறு வயதுக்காரர்களால் என்ன ஆகும் என்று யாராவது சொன்னால் கலங்காதே. மனநலம் பாதிக்கப்பட்டுத் தெருவில் நின்ற ஒரு பெண்ணைக் கண்டு கலங்கிய வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993-இல் சென்னையில் 'தி பேன்யன்' அமைப்பைத் தொடங்கியபோது இருபதுகளில் இருந்தார்கள். அந்தப் பெண்ணைப் பார்த்து வருந்தியவர்கள் அன்றைக்கு எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். இவர்கள் மறுநாளும் அதே கவலையோடு எழுந்தார்கள்.

இப்போது மூன்றாவது பாடம். குறிஞ்சிப்பாடியில் நம் வீட்டில் அறுவடை முடிந்ததும் உன் பாட்டி ஒரு மூட்டை அரிசியை வடலூருக்கு அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். பஞ்சம் வாட்டிய காலத்தில், 1867 மே 23 அன்று, வள்ளலார் அங்கே தருமச்சாலையைத் தொடங்கினார். சாதி, மதம் கேட்காமல் பசித்து வந்தவருக்கெல்லாம் சோறு. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. சின்ன வயதில் அதை ஏதோ அதிசயம் என்று நினைத்தேன். ஒருமுறை பரிமாறப் போனபோது சமையல்கட்டில் நின்று பார்த்தேன். வேர்த்து வழிய ஒருவர் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். அவர் எழுந்து போனதும் இன்னொருவர் வந்து உட்கார்ந்தார். வள்ளலார் மூட்டியது ஒருமுறை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் முறை தவறாமல் வந்திருக்கிறார். அதிசயம் அதுதான்.

எனவே உங்கள் குழுவிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முதல் நாளே ஒரு நோட்டைத் தொடங்குங்கள். எந்தத் தெருவில் எத்தனை பேர், யாருக்கு மருந்து வேண்டும், எந்தக் கிழமை சோறு வருவதில்லை என்று எழுதுங்கள். முகாம் முடியும்போது அந்த நோட்டு அலமாரிக்குள் போகக்கூடாது. அந்தப் பகுதியில் தொடர்ந்து வேலை செய்பவர்களிடம் ஒரு பிரதி, உங்களுக்கு அடுத்து வரும் மாணவர்களிடம் ஒரு பிரதி கொடுங்கள். முடியாததற்கு வாக்குக் கொடுக்காதே. மாதம் ஒரு செவ்வாய்க்கிழமைதான் முடியும் என்றால் அதையே சொல். சொன்ன நாளில் போய் நில்.

முகாமின் ஏழு நாளைப் பற்றி அண்ணன் எனக்குச் சொல்லிவிடுவார். எட்டாம் நாள் என்ன செய்தாய் என்று நீ எனக்கு எழுது. காத்திருப்பேன்.

அன்புடன்,
அத்தை