பல்லாவரத்துக் கல்

தாம்பரத்தினின்று சென்னை நோக்கிச் செல்லும் மின்சார வண்டியில் ஏறினார்க்குச் சானடோரியமும் குரோம்பேட்டையும் கழிந்தபின் மூன்றாவது நிலையமாக எதிர்ப்படுவது பல்லாவரம். நம் கல்லூரி மாணவருள் பலர் நாடோறும் அதனைக் கடந்து வந்து போகின்றனர். அங்கே இறங்கிப் பார்த்தார் சிலரே. நாமும் ஈராண்டுகள் இறங்காது கடந்தவர்களே. சென்ற தைத் திங்களில் ஒரு சனிக்கிழமை தமிழ்ச் சிறப்பு வகுப்பினர் மூவர் சேர்ந்து இறங்கினோம். இறங்கியதற்குக் காரணம் ஒரு நாணம். அதனை முதற்கண் சொல்லிவிடுதல் நன்று.

அதற்கு முந்திய ஆண்டு மாணவர் கூட்டமொன்றில் 'தமிழர் தொன்மை' என்னும் பொருள்பற்றிப் பேசும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. பல்லாவரத்திற் கிடைத்த கற்கருவியையும் அத்திரம்பாக்கத்துக் கருவிகளின் வயதையும் எடுத்துக்காட்டிப் பதினைந்து இலட்சம் ஆண்டுகட்கு முன்னரே தமிழன் இம்மண்ணில் கருவி சமைத்து வாழ்ந்தான் என்று முழங்கினோம். கையொலிக்குக் குறைவில்லை. கூட்டம் கலைந்தபின் ஆசிரியர் ஒருவர் அருகழைத்து, "தம்பி, அந்தக் கல் தமிழ் பேசியதை நீ எப்படிக் கேட்டாய்?" என்று வினவினார். அவ்வளவே, வேறொன்றும் சொன்னாரில்லை. நமக்கு விடை கூற வாயெழவில்லை. அவ்வினாவிற்கு விடை தேடப் புகுந்தே நிலநூலும் கல்வெட்டு நூலும் ஓரளவு பயின்றோம். இலக்கியம் ஒன்றையே கற்பார்க்கு இவை வேண்டா என்று அதுகாறும் எண்ணியிருந்தோம்.

முதலில் அக்கல்லின் வரலாற்றைக் கேண்மின். 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், இந்திய நில ஆய்வுத் துறையைச் சார்ந்த இராபர்ட் புரூஸ் பூட் என்பார் பல்லாவரத்துப் படைத்திடலின் அருகே சரளைக்கல் தோண்டிய குழியொன்றில் மனிதன் கையாற் செதுக்கிய கல்லொன்றைக் கண்டெடுத்தார். இந்தியப் பழங்கற்கால ஆராய்ச்சி இக்கல்லினின்றே தொடங்கியதென்பர். அவர்க்கு அப்போது அகவை முப்பது நிரம்பவில்லை. இவர் தமிழ்ப் பழமொழிகள் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவற்றைத் தொகுத்து 1874இல் வெளியிட்ட பீட்டர் பெர்சிவல் ஐயரின் மருமகன் என்பது தமிழ் மாணாக்கர்க்கு இனிய செய்தியாகும். மாமனார் மக்கள் வாயிற் கிடந்த சொற்களைப் பொறுக்கினார். மருமகனார் மண்ணிற் கிடந்த கற்களைப் பொறுக்கினார்.

அக்குழியைத் தோண்டிய கூலியாளர் கண்ணிலும் அக்கல் பட்டிருக்கும். அவர் காணாததைப் பூட் கண்டதெங்ஙனம்? கண்ணொளியின் மிகுதியாலன்று, ஒரு வினாவை நெஞ்சிற் சுமந்து வந்தமையால். 1859இல் பிரான்சு நாட்டுச் சோம் ஆற்றுப் படுகையிற் கிடைத்த கற்கருவிகள் மெய்யாகவே மிகப் பழைய மனிதன் செய்தவை என்று ஆங்கில அறிஞர் நேரிற் சென்று தெளிந்து உலகறியச் செய்தனர். அத்தகைய கருவி இந்நாட்டிலும் உண்டோ என்னும் வினா பூட்டின் உள்ளத்தில் இருந்தது. 1863ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அவரும் உடனுழைப்பாளர் வில்லியம் கிங்கும் கொற்றலையாற்றுப் பகுதியிலுள்ள அத்திரம்பாக்கத்தை அடைந்தனர். ஆங்கே கருவிகள் ஒன்றிரண்டல்ல, மிகப் பலவாகக் கிடைத்தன.

இனி நம் காலத்துக்கு வருவோம். அத்திரம்பாக்கம் 1960களில் தொல்லியல் துறையினரால் அகழப்பட்டது. எனினும் கருவிகளின் அகவையைத் திட்டமாக அளக்கும் வழி அன்று இல்லை. 1999 முதல் சாந்தி பப்பு அம்மையாரும் பின்னர் குமார் அகிலேஷும் அவ்விடத்தையே மீண்டும் தோண்டினர். இவர்கள் சென்றது புதிய இடத்துக்கன்று. கொண்டு சென்ற வினாவே புதிது. கருவி எத்தகையது என்பதோடு நில்லாது, அதனை மூடிய மண் எப்போது மூடிற்று என்று வினவினர்.

மண்ணின் அகவை காணும் முறை கேட்போர்க்கு வியப்பூட்டுவது. வான வெளியினின்று இடையறாது வந்து விழும் கதிர்கள் நிலத்தின்மேற் கிடக்கும் பளிங்குக் கல்லினுள் அலுமினியம், பெரிலியம் என்னும் தனிமங்களின் அரிய வகைகள் இரண்டைத் தோற்றுவிக்கின்றன. கல் ஆழப் புதைந்துவிட்டால் கதிர் எட்டாது, புதியன தோன்றா, இருந்தவை சிதைந்து குறையும். அலுமினிய வகை ஏறத்தாழ ஏழு இலட்சம் ஆண்டுகளிற் பாதியாகும்; பெரிலிய வகை பாதியாவதற்கு ஏறத்தாழப் பதினான்கு இலட்சம் ஆண்டுகள் ஆகும். ஒன்று விரைந்தும் ஒன்று மெல்லவும் குறைதலின், இரண்டின் விகிதத்தை அளந்தால் கல் புதைந்த காலம் புலனாம். இதனோடு, பூமியின் காந்தத் திசை பண்டு தலைகீழாக இருந்த காலத்தின் சுவடு மண்ணடுக்கில் உண்டோ என்றும் பார்த்தனர். இருவழியிலும் ஆய்ந்து 2011இல் வெளியிட்ட முடிவு, அக்கருவிகள் குறைந்தது 10 இலட்சத்து 70 ஆயிரம் ஆண்டுகட்கு முற்பட்டன; சராசரி அகவை 15 இலட்சம் ஆண்டு என்பது. நாம் மேடையில் முழங்கிய எண் இதுவே.

அடுத்து 2018இல் வந்த செய்தி இதனினும் நுண்ணியது. மணற்றுகள் கடைசியாக எப்போது வெயிலைக் கண்டது என்று அளக்கும் மற்றொரு முறையால் மேலடுக்குகளை ஆய்ந்தனர். பெரிய கைக்கோடரிகள் அருகிச் சிறிய சில்லுக் கருவிகள் மிகும் இடைப் பழங்கற்கால முறை அங்கே ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகட்கு முன்னரே தோன்றிவிட்டதென அறிந்தனர். ஆப்பிரிக்காவினின்று அண்மைக் காலத்திற் புறப்பட்டு வந்த மக்களே இம்முறையை இந்தியாவிற்குக் கொணர்ந்தனர் என்று பலர் கொண்டிருந்த கருத்து இதனால் ஆட்டங்கண்டது.

ஆனால் இவ்வறிஞர் எழுதாது விட்டதையும் நோக்குதல் வேண்டும். அத்திரம்பாக்கத்தில் மனித எலும்பு ஒன்றும் அகப்படவில்லை. கருவி செய்தார் எவ்வகை மனிதர் என்று அவர்கள் துணிந்து கூறினாரில்லை. நம்மைப் போன்ற மனித இனத்தின் மிகப் பழைய எலும்புகள் ஆப்பிரிக்காவிற் கிடைத்தவை. அவற்றின் அகவை ஏறத்தாழ மூன்று இலட்சம் ஆண்டே. எனவே பதினைந்து இலட்சம் ஆண்டுக்கு முற்பட்ட கைக்கோடரியைச் செய்தவன் தமிழன் அல்லன் என்பது மட்டுமன்று. நம்மினத்து மனிதனே அல்லன். ஆசிரியர் வினாவிற்கு விடை இதுதான். அதனை அறிந்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை என்றால் மிகையாகாது.

கிறிஸ்தவ இல்லத்திற் பிறந்த நமக்கு இவ்வகை இழப்பு முற்றிலும் புதிதன்று. பாட்டனார் வைத்திருந்த பழைய ஆங்கில வேதாகமத்தின் ஓரத்தில், உலகம் படைக்கப்பட்டது கி.மு. 4004 என்று அச்சிட்டிருந்ததைச் சிறுவயதிற் கண்டிருக்கிறோம். பதினேழாம் நூற்றாண்டில் அயர்லாந்து நாட்டுப் பேராயர் அஷர் கணித்த ஆண்டு அது. திருமறை வசனத்தில் அவ்வெண் இல்லை, ஓரத்திலேதான் உண்டு. ஓரத்தில் எழுதியதை மூலமாகக் கொண்டதே தவறு. நாம் மேடையிற் செய்ததும் அதுவே அன்றோ? அறிஞர் கண்ட எண் மூலம். 'தமிழன்' என்பது நாம் ஓரத்தில் எழுதிக்கொண்டது.

நிற்க. பல்லாவரத்திற்கும் தமிழாராய்ச்சிக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் 1898 முதல் 1911 வரை தமிழாசிரியராய் விளங்கிய மறைமலையடிகள், பணி துறந்தபின் குடியேறிய ஊர் அது. முல்லைப்பாட்டையும் பட்டினப்பாலையையும் சொற்பொருள் கூறுவதோடு நில்லாது ஆராய்ந்து நூலெழுதியவர் அவர். 1930இல் வெளிவந்த 'மாணிக்கவாசகர் வரலாறும் காலமும்' என்னும் பெருநூலில், திருவாசகம் பாடிய அடிகள் வாழ்ந்தது கி.பி. மூன்றாம் நூற்றாண்டு என நிறுவ முயன்றார். அந்நூலின் உழைப்பைக் கண்டு தலை வணங்காதார் இலர். ஆயினும் மாணிக்கவாசகர் வரகுணனென்னும் பாண்டியனைக் குறித்தலையும், அப்பெயர் பூண்ட வேந்தர் எட்டு ஒன்பதாம் நூற்றாண்டுகளில் ஆண்டமை கல்வெட்டால் தெளிவாதலையும் கொண்டு, பின்வந்தார் பலர் ஒன்பதாம் நூற்றாண்டே பொருந்தும் என்பர். நம் சிற்றறிவிற்கும் இதுவே பொருந்துவதாகத் தோன்றுகிறது. ஆசானின் முடிவை ஏலாது ஆசானைப் போற்றுதல் இயலுமோ என்று நண்பர் ஒருவர் வருந்திக் கேட்டார். காலம் எது என்று சான்றோடு கேட்கும் பழக்கத்தை நமக்குக் கற்பித்தவர் அடிகளே. அவர் கேட்கக் கற்பித்த கேள்வியை அவர் நூலினிடமும் கேட்கிறோம்.

இங்ஙனம் கூறுதலால், புதிய ஆராய்ச்சி நம்மிடமிருந்து பறிப்பதன்றித் தருவதில்லை என்று எண்ணற்க. அசோகன் கல்வெட்டில் சோழ பாண்டியரோடும் கேரளபுத்திரரோடும் எண்ணப்பட்ட 'சதியபுத்திரர்' யாவர் என்பது அறிஞரை நெடுங்காலம் மயக்கிய கேள்வி. சொல்லொலி கொண்டு அதியமான் மரபினரே எனக் கருதியோரும் இருந்தனர். பிற நாடுகளைச் சுட்டியோரும் இருந்தனர். 1981இல் திருக்கோவலூரை அடுத்த ஜம்பை என்னும் சிற்றூரின் குன்றில், தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த ஒருவரிக் கல்வெட்டைக் கண்டனர். குகையிடத்தை ஈந்தவன் பெயர் அதியன் நெடுமான் அஞ்சி. அவனுக்கு அடை 'சதியபுதோ'. ஔவையாராற் பாடப்பெற்ற வள்ளலின் பெயரும் அசோகன் கல்லில் நின்ற குலப்பெயரும் ஒரே வரியிற் கைகோத்து நின்றன. முழக்கத்தால் அடையாத பெருமையை அங்கே ஒரு வரி தந்தது. அவ்வொரு வரிகொண்டு புறநானூறு முழுமைக்கும் காலம் வரையறுத்தல் ஆகாது என்பதையும் உடன் சொல்லவேண்டும்.

2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கையில், தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையிற் கிடைத்த கரித்துண்டொன்றின் காலம் கி.மு. 3345 என்று காணப்படுகிறது. படித்தபோது நெஞ்சு துள்ளியது. இம்முறை மேடையேறவில்லை. காலங்கணித்தது கரிக்கு, அக்கரியும் இரும்பும் ஒருகாலத்தனவோ என்பதைப் பிற அறிஞரும் பிற இடங்களிற் சோதித்தல் வேண்டும். முடிவு நிலைத்தால் உலக வரலாற்றின் ஒரு பகுதி மாற்றி எழுதப்படும். அதுவரை காத்திருத்தலால் நமக்கு இழப்பொன்றுமில்லை.

மாணாக்கரால் இவற்றில் ஆவதென்ன என்று வினவுவாரும் உளர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியற் பேராசிரியராயிருந்த கில்பர்ட் சிலேட்டர், 1916இல் தம் மாணவரை விடுமுறையில் தத்தம் ஊர்க்கு அனுப்பி, நிலம், கூலி, கடன், வீடு ஆகியவற்றைக் கணக்கெடுக்கச் செய்து 1918இல் நூலாக வெளியிட்டார். அவ்வூர்களுள் ஒன்றாகிய விழுப்புரத்தை அடுத்த இருவேல்பட்டிற்குப் பின்வந்த ஆய்வாளர் திரும்பத் திரும்பச் சென்றனர்; 2008இலும் சென்றனர். ஏறக்குறைய நூறாண்டு மாற்றத்தை அளக்க அவர்க்கு அடிக்கோலாய் நின்றது மாணவர் எழுதிய கணக்கே.

பல்லாவரத்தில் இறங்கிய அன்று பூட் கண்ட குழியைத் தேடினோம், அகப்படவில்லை. வீடுகளும் கடைகளும் நெருங்கி நிற்கின்றன. மகேந்திரவர்மன் குடைவித்த குகையைக் கண்டோம். அது இப்போது இசுலாமியரின் தர்காவாக விளங்குகிறது. வழியில், முற்காலத்திற் குன்றுகளிற் கல்லுடைத்த முதியவர் ஒருவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். "எதைப்பா தேடறீங்க?" என்றார். சொன்னோம். கற்களைப் பற்றி அவர் பேசத் தொடங்கினார். சம்மட்டி, உளி, ஆப்பு, சல்லி எனத் தொடங்கி, நாம் கேட்டறியாத தொழிற்சொற்கள் பலவற்றைச் சொல்லிக்கொண்டே போனார். மாலைக்குள் முப்பத்தேழு சொற்கள் நம் குறிப்பேட்டில் ஏறின. அவற்றைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு வருகிறோம். பதினெட்டு முடிந்தன. மறுபடியும் அவரைக் காணச் செல்லும்போது மூவரோடு மேலும் இருவர் வருவதாகச் சொல்லியிருக்கின்றனர்.