டயர் சொல்லும் கணக்கு

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். ஒருநாள் டயரின் பக்கச்சுவரைக் காட்டி, "பி.எஸ்ஸி. படிக்கிறியே, இந்த நம்பருக்கு என்னடா அர்த்தம்?" என்று கேட்டார். விழித்தேன். அந்த வெட்கத்தில் விளைந்ததே இக்கட்டுரை.

1989-இல் வெளிவந்த மாஸ்டா மியாட்டா என்னும் ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். அதன் டயர் 185/60 ஆர் 14. இதில் 185 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 60 விழுக்காடு; அதாவது 111 மி.மீ. 'ஆர்' என்பது ரேடியல். 14 என்பது அங்குலத்தில் சக்கரத்தின் விட்டம். ஆகவே மொத்த விட்டம் 111 + 355.6 + 111 = 577.6 மி.மீ.

அழகுக்காக 15 அங்குல அலாய் சக்கரம் பூட்ட விரும்புபவர் எந்த டயரை வாங்குவது? 195/50 ஆர் 15 என்றால் விட்டம் 576 மி.மீ. ஏறக்குறைய பழைய அளவே. 205/55 ஆர் 15 என்றாலோ 606.5 மி.மீ.; 5 விழுக்காடு அதிகம். சரியாக இருந்த வேகமானி 100 காட்டும்போது கார் 105-இல் ஓடும்! மட்கார்டிலும் டயர் உரசக்கூடும்.

அளவு மட்டும் போதாது. '82 எச்' என்ற குறி, ஒரு டயர் 475 கிலோ வரை தாங்கும், மணிக்கு 210 கி.மீ. வரை ஓடலாம் என்று சொல்கிறது. புதிய டயரின் குறி இதற்குக் குறையலாகாது. வகையும் முக்கியம். பள்ளங்கள் குறைந்த பந்தய டயர் உலர்ந்த தரையை நன்கு பற்றும். மழைநீரிலோ மிதந்து வழுக்கும்.

இவற்றையெல்லாம் தந்தையாரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாரத்தைத் தாங்குறது காத்துதான்டா. அதைச் சரியாப் பிடிக்கணும்னும் எழுது" என்றார். எழுதிவிட்டேன், நண்பர்களே!