கணினி அறிவோம்: பேர் ரெண்டு, ஆள் ஒண்ணு!



வீட்டில் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாங்க. வருகைப் பதிவேட்டில் வேறு பேர். ரெண்டும் நான்தான் என்று உங்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியுமா? யாராவது எழுதிக் கொடுத்தால்தான் தெரியும்!

தகவல்களைத் தரவுத்தளத்தில் அட்டவணை அட்டவணையாக வைப்பார்கள். இந்த முறையை 1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் என்பவர் விளக்கி எழுதினார். ஆனால் புரோகிராம் எழுதுகிறவர் 'கிளாஸ்' என்று ஒன்றை எழுதுவார். (நம்ம 9-ஆம் கிளாஸ் இல்லைங்க!) செங்கல் அறுக்கும் அச்சு மாதிரி அது. அதில் வரும் விவரங்களுக்குப் பண்புகள் என்று பேர். இரண்டையும் இப்படிப் பொருத்த வேண்டும்:

கிளாஸ் - அட்டவணை
பண்பு - நெடுவரிசை

ரெண்டு பக்கமும் ஒரே பேர் வைத்தால் என்ன? பல நேரம் முடியாது. கிளாஸ் 'ஸ்டூடண்ட்' என்று ஒருமையில் இருக்கும். அட்டவணையில் பல பேர் இருப்பதால் 'ஸ்டூடண்ட்ஸ்' என்று வைப்பார்கள். ஜாவா மொழியில் 'ஃபாதர் நேம்' என்பதைச் சேர்த்து எழுதி, இரண்டாம் சொல்லின் முதல் எழுத்தை மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தாகப் போடுவார்கள். தரவுத்தளத்திலோ 'ஃபாதர்_நேம்' என்று நடுவில் அடிக்கோடு. ஏனென்றால், மேற்கோள்குறி இல்லாத பேரை போஸ்ட்கிரெஸ் முழுவதும் சிறிய எழுத்தாக்கிவிடும். ஆரக்கிள் முழுவதும் பெரிய எழுத்தாக்கிவிடும். அப்புறம் எங்கே சொல் பிரிகிறது என்றே தெரியாது.

இப்படிப் பேர் பொருத்தும் வேலைக்கென்றே 2001-இல் ஜாவாவுக்கு 'ஹைபர்நேட்' வந்தது. பேர் ஒத்துப்போனால் அதுவே பொருத்திக்கொள்ளும். ஒத்துப்போகாவிட்டால் இந்தப் பண்புக்கு இந்த நெடுவரிசை என்று நாம்தான் எழுதித் தர வேண்டும்.

இதில் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் படிக்கும் எங்க அக்கா நம் நூலகத்துக்கு ஒரு சின்ன புரோகிராம் செய்தாள். பொருத்தி எழுதும் வேலையை எனக்குக் கொடுத்தாள். பழைய அட்டவணையில் 'நம்பர்1', 'நம்பர்2' என்று இரண்டு நெடுவரிசை இருந்தன. முதலாவது மாணவர் எண், அடுத்தது புத்தக எண் என்று நானே நினைத்துப் பொருத்திவிட்டேன். உண்மையில் அது தலைகீழ். புரோகிராம் ஒரு பிழையும் காட்டவில்லை. இரண்டுமே எண்தானே, அதற்கென்ன தெரியும்!

27-ஆம் எண் மாணவி 12-ஆம் புத்தகம் வாங்கியிருந்தாள். திரையில் 12-ஆம் எண் மாணவி 27-ஆம் புத்தகம் வாங்கியதாக வந்தது. டீச்சர் அவளைக் கூப்பிட்டு, "புத்தகம் எங்கம்மா?" என்று கேட்டாங்க. "நான் வாங்கவே இல்லை டீச்சர்" என்று அழுதுவிட்டாள். "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?" என்று பின்னாடி யாரோ சிரித்தார்கள்.

சாயந்தரம் அக்காவும் நானும் பழைய நோட்டை வைத்து ஒத்துப் பார்த்தோம். அட்டவணை சரியாகவே இருந்தது. நான் பொருத்தியதுதான் தப்பு. இரண்டே வரியை மாற்றினோம், சரியாகிவிட்டது. மறுநாள் எல்லார் முன்னாடியும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

தோழிகளே! கம்ப்யூட்டர் எண்ணா எழுத்தா என்று பார்க்கும். அது யாருடைய எண் என்று பார்க்காது. அதை நாம்தான் பார்க்க வேண்டும். பேரைத் தெளிவாக வைப்போம். தெரியாததைக் கேட்டு எழுதுவோம். ஒருவர் மேல் பழி சொல்லும் முன் நோட்டையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்போம்.



- 9-ஆம் வகுப்பு மாணவி