பிரிக்கும் முன் கேட்கச் சொல்லுங்கள்

அன்புள்ள அண்ணாச்சி,

வள்ளியூரிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. மகன் ஐடிஐ ஃபிட்டர் முடித்துவிட்டான், ஒப்பந்தக்காரர் ஒருவர், ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் வேலைக்குக் கூப்பிடுகிறார், போகும் முன் ஒரு சேஃப்டி கோர்ஸில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இதே வேலைக்கு வளைகுடா வரை போய் வருகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். ஆனால் அங்கே என்ன சொல்லித் தருகிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஹெல்மெட், ஷூ, உயரத்தில் மாட்டிக்கொள்ளும் பெல்ட், தீயணைப்பான் இவற்றோடு பல இடங்களில் பாடம் முடிந்துவிடுகிறது. எல்லாம் தேவைதான். ஆனால் ஒரே நேரத்தில் பத்துப் பேரை, நூறு பேரைக் கொண்டுபோகும் விபத்து வேறு இடத்திலிருந்து வருகிறது. குழாய்க்குள்ளும் தொட்டிக்குள்ளும் அடைபட்டுக் கிடக்க வேண்டியது வெளியே வரும்போது ஹெல்மெட் எதற்கும் உதவாது. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். வேலைநாள் இழப்பு தரும் காயம் எதுவும் இல்லாமல் ஏழு ஆண்டுகள் ஓடியதைப் பாராட்ட, கம்பெனி அதிகாரிகள் அன்றைக்குத்தான் மேடைக்கு வந்திருந்தார்கள். ஆலை வாசலில் 'விபத்தில்லா நாட்கள்' என்று எழுதி வைத்திருக்கும் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மேடைதான் நினைவுக்கு வரும்.

அவ்வளவு தூரம் போவானேன். உங்கள் ஊருக்கு மேற்கே மகேந்திரகிரியில் ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கிறார்கள். அங்கே திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரியில் நிற்கிறது. ஒன்றையொன்று தொட்ட கணமே தீப்பற்றும் திரவங்களும் இருக்கின்றன. தெற்கே கூடங்குளம். அணு உலையைப் பற்றி ராதாபுரம் வட்டாரமே ஆண்டுக்கணக்கில் பேசியது, போராடியது, உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தப் பேச்சு அவசியமானது. ஆனால் 2014 மே 14 அன்று முதல் அலகில் ஆறு பேர் வெந்து காயப்பட்டார்களே, அதற்கும் கதிர்வீச்சுக்கும் சம்பந்தமில்லை. டர்பைன் கட்டடத்தில் ஃபீட் வாட்டர் குழாயின் வால்வு ஒன்றில் பராமரிப்பு வேலை நடந்தபோது வெந்நீர் கொட்டியது. காயப்பட்டவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் உண்டு. உங்கள் மகன் நாளைக்கு நிற்கப்போவது இப்படிப்பட்ட ஒரு வால்வுக்கு முன்னால்தான்.

விசில் அடங்குமுன் குக்கர் மூடியில் கை வைக்கக் கூடாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆலையில் அந்த விசில் கண்ணுக்கு முன்னால் இருக்காது. அழுத்தத்தில் அடைபட்ட தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் தண்ணீராகவே கிடக்கும். வாய் திறந்த நொடியில் அதில் ஒரு பகுதி ஆவியாகிப் பாயும்.

ஆகவே ஒரு ஃபிளேஞ்சை, அதாவது இரண்டு குழாய்கள் போல்ட்டால் இணையும் இடத்தை, பிரிப்பது எப்படி என்பதிலிருந்து பயிற்சி தொடங்க வேண்டும். வால்வை மூடியாயிற்று என்று ஒருவர் வாயால் சொல்வது போதாது. மூடிய வால்வும் உள்ளுக்குள் கசியும். அபாயமான திரவம் ஓடும் குழாய் என்றால் இடையில் இரும்புத் தகடு, அதாவது பிளைண்ட், போட்டிருக்க வேண்டும். அந்த வால்வில் பூட்டுத் தொங்க வேண்டும். வேலையில் இறங்குகிறவனின் சொந்தப் பூட்டும் அதில் இருக்க வேண்டும், சாவி அவன் பையில் இருக்க வேண்டும். பிரஷர் கேஜ் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, அதன் துளை அடைத்திருந்தாலும் முள் பூஜ்யத்தில்தான் நிற்கும். வடிகால் வால்வைத் திறந்து, அது அடைத்துக் கிடக்கிறதா, உண்மையாகவே வடிந்து முடிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஸ்பேனரை எடுத்தால், முதலில் தளர்த்த வேண்டியது தனக்கு எதிர்ப்பக்கத்து போல்ட். உள்ளே மிச்சம் மீதி இருந்தால் அது அந்தப் பக்கமாகப் பீறிட்டுப் போகட்டும். நட்டை முழுதாகக் கழற்றாமல், கேஸ்கெட் விட்டுக்கொடுக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் அடுத்த போல்ட்டுக்குப் போக வேண்டும். இதை வகுப்பறையில் படம் போட்டுக் காட்டினால் போதாது. காலியான பழைய குழாய் ஒன்றை வைத்து, ஒவ்வொருவனும் தன் கையால் பத்துத் தடவையாவது செய்து பழக வேண்டும்.

அடுத்தது பெர்மிட், அதாவது வேலையைத் தொடங்க ஆலை எழுதித் தரும் அனுமதிச் சீட்டு. இதைக் கையெழுத்துப் போடும் சடங்காக நினைப்பவர்கள் நிறையப் பேர். 1988 ஜூலை 6, வடகடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடை. இரண்டு பம்புகளில் ஒன்றின் பாதுகாப்பு வால்வைச் சோதனைக்காகக் கழற்றிவிட்டு, அந்த வாயைத் தகட்டால் மூடியிருந்தார்கள். மாலைக்குள் வேலை முடியவில்லை. அந்தச் செய்தி இரவு ஷிஃப்டுக்குப் போய்ச் சேரவில்லை. ராத்திரி மற்றொரு பம்பு நின்றுபோனது. வால்வைக் கழற்றிய இடம் பம்பருகே நிற்பவர் கண்ணில் படாது. வால்வு கழற்றிய அந்தப் பம்பை ஓட்டினார்கள். 167 பேர் செத்தார்கள். ஒரு தாள் சரியான கைக்குப் போகாததன் விலை அது. அமெரிக்காவில் 1992-இல் வந்த பிராசஸ் சேஃப்டி மேனேஜ்மென்ட் விதியில் 14 அங்கங்கள் உண்டு. பயிற்சி அதில் ஒன்று, ஒப்பந்தத் தொழிலாளர் தனியாக இன்னொன்று. வெளியிலிருந்து வருகிறவனுக்கு ஆலை தெரியாது என்பதை அந்த விதி ஒப்புக்கொள்கிறது.

போபால் விஷவாயுக் கசிவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1984 டிசம்பருக்கு முன்பே, 1981-இல், அதே ஆலையில் பராமரிப்பு வேலையின்போது ஃபோஸ்ஜீன் பட்டு ஒரு தொழிலாளி இறந்தார். அந்தச் சாவு நிர்வாகத்தை உலுக்கவில்லை. பிறகு ஆட்களைக் குறைத்தார்கள், பயிற்சிக் காலத்தைக் குறைத்தார்கள், குளிரூட்டும் இயந்திரத்தை நிறுத்தி வைத்தார்கள். வாயுவை எரிக்கும் கோபுரத்துக்குப் போகும் குழாயைப் பழுதுபார்க்கக் கழற்றியிருந்தார்கள். அத்தனையும் ஒரே இரவில் வந்து கூடின. அந்தப் பேரழிவுக்குப் பிறகுதான், 1987-இல், நம் தொழிற்சாலைகள் சட்டத்தில் அபாயகரமான தொழில்களுக்கென்று தனி அத்தியாயம் சேர்ந்தது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தோன்றினால் தொழிலாளி நேரடியாக நிர்வாகத்திடம் சொல்லலாம், ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம் என்ற உரிமை அதில் எழுதப்பட்டது. எந்தக் கோர்ஸிலாவது இதைப் பையன்களுக்குச் சொல்லித் தருகிறார்களா?

நிறுத்திய ஆலையில் ஆபத்து இல்லை என்று மகன் நினைத்துவிடக் கூடாது. 2020 மே 7 அன்று ஊரடங்கில் நின்று கிடந்த விசாகப்பட்டினம் ஆலையில் சேமித்து வைத்திருந்த ஸ்டைரீன் சூடேறி ஆவியாக ஊருக்குள் பரவியது. 12 பேர் இறந்தார்கள். அதே நாளில் நெய்வேலி அனல்மின் நிலையம் ஒன்றில் ஒரு பாய்லர் விபத்து. ஜூலை 1 அன்று அதே நிலையத்தில் இன்னொன்று. ஆறு பேர் அந்த இடத்திலேயே போனார்கள், சிகிச்சையில் இருந்தவர்களில் பலரும் பிழைக்கவில்லை. நிறுத்துவதும் மறுபடி கிளப்புவதும்தான் ஆலையின் மோசமான நேரம். ஷட்டவுனுக்குக் கூப்பிடப்படுபவர்கள் சரியாக அந்த நேரத்தில்தான் உள்ளே போகிறார்கள்.

கோர்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஃபிட்டராகவே இருக்கப்போகிறான் என்றால் பெரிய சான்றிதழ் வேண்டாம். கையில் ஸ்பேனர் கொடுத்துப் பழக்கும் இடமாகப் பாருங்கள். பின்னால் டிப்ளமோவும் முடித்துச் சேஃப்டி ஆபீசராக ஆசைப்பட்டால், சென்னை தரமணியில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் நடத்தும் படிப்பு இருக்கிறது, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அந்த ஒப்பந்தக்காரரிடம் நீங்களே நேரில் போய்க் கேளுங்கள். முதல் நாள் இவனுக்கு யார் ஆலையைச் சுற்றிக் காட்டுவார்கள்? பெர்மிட்டைத் தமிழில் விளக்கிச் சொல்ல ஆள் உண்டா? 'குழாய் காலி என்று எனக்குக் காட்டுங்கள், அப்புறம் பிரிக்கிறேன்' என்று பையன் சொன்னால் அன்றைய கூலியை வெட்டுவீர்களா? பதில் சொல்ல முகம் சுளித்தால், எவ்வளவு சம்பளம் சொன்னாலும் அந்த ஆளோடு மகனை அனுப்பாதீர்கள், அண்ணாச்சி.

அன்புடன்.