மினுக்குத் தகடும் விரால் மீனும்

பண்ணைக்குட்டைகளிலும் சொந்தக் குளங்களிலும் கட்லா, ரோகு, மிர்கால் முதலிய கெண்டை வகைகளை வளர்க்கும் குடியானவர்களுக்கு நேரும் ஒரு நஷ்டம் யாவரும் அறிந்ததே. மழைக்காலத்தில் விலை கொடுத்து வாங்கி விட்ட குஞ்சுகளில், அறுவடைக்கு வலை போடுங்கால் சிறு பகுதியே அகப்படுகிறது. அயலார் திருடினரெனச் சந்தேகித்து மனஸ்தாபம் வளர்வதும், வழக்குக் கிராம அதிகாரியிடம் போவதும் உண்டு. பெரும்பாலும் திருடன் குட்டைக்குள்ளேயே இருக்கிறான். விரால் மீன் நான்கைந்து இருந்தாலும் போதும். விரலளவுக் குஞ்சுகளை நாள்தோறும் விழுங்கி வரும்.

கடலில் மூழ்கி ஈட்டியால் மீன் குத்துவோர், மினுக்குத் தகடு காட்டி மீனை அருகில் வரவழைக்கின்றனர் எனக் கேள்வியுற்ற சிலர், அதனையே குட்டையில் தொங்கவிட்டு விராலை அழைத்துக் குத்தலாகாதா என்று வினவுகின்றனர். விடை கூறுமுன், அத்தகடு வேலை செய்யும் விதத்தை அறிதல் அவசியம்.

சிறு மீனின் பக்கங்கள் வெள்ளிபோல் மின்னுவதற்குக் காரணம், அதன் தோலிலும் செதிலிலும் அடுக்கடுக்காய் அமைந்துள்ள குவானின் என்னும் படிகங்களே. கூட்டமாய்ச் செல்லும் மத்தி போன்ற மீன்கள் திடீரெனத் திரும்புங்கால் அவற்றின் பக்கங்களில் வெயில் பட்டுப் பளிச்சிடும். இரை தேடும் பெருமீனுக்கு அப்பளிச்சிடுதலே உணவு உண்டென்னும் அறிவிப்பாகிறது. பசிபிக் தீவுகளின் வலைஞர் முத்துச்சிப்பி ஓட்டைச் செதுக்கிச் சூரை மீனுக்குத் தூண்டில் செய்துவந்தது இதனை அறிந்தேயாம். இக்காலத்தில் ஈட்டிக்காரர் பளபளப்பான உலோகத் துண்டுகளையோ, கண்ணாடிபோல் மின்னும் பிளாஸ்டிக் பட்டைகளையோ, பழைய குறுந்தகடுகளையோ ஒரு கயிற்றில் கோத்து, மிதவையிலிருந்து பல அடி ஆழத்தில் தொங்கவிடுகின்றனர். கயிறு முறுக்கிக்கொள்ளாமல் தகடு தானே சுழலும்படி இடையில் சுழல்கொக்கி ஒன்று வைப்பர். சும்மா தொங்கும் தகட்டினும், கயிற்றைச் சுண்டி இழுத்துத் தளர்த்த, ஏறியிறங்கி நடுங்கும் தகடே அதிகப் பலன் தரும்; அடிபட்ட மீன் துடிப்பதாக அது தோன்றும்போலும்.

தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, ஹவாய்த் தீவுகள் முதலிய இடங்களில் தெளிந்த நீலக்கடலில் இம்முறை வழங்குகிறது. வஞ்சிரம், சூரை, கடல் விரால் ஆகியவை தகட்டைச் சுற்றிப் பார்க்க வரும். மூச்சடக்கி மூழ்கிக் காத்திருப்பவன் அத்தருணத்தில் ஈட்டியை விடுகிறான். அபாயமும் இல்லாமலில்லை. தகட்டின் மினுக்கம் சுறாவையும் அழைக்கும். மூச்சை அளவுக்கு மிஞ்சி அடக்கியவன் நீர்மட்டத்தை நெருங்குகையில் நினைவிழந்து மூழ்கி இறப்பதுண்டு. ஆகையால் துணையின்றி ஒருவரும் இதில் இறங்கலாகாது.

இதனால் விளங்குவது யாதெனில், தகடு ஒரு மந்திரமன்று. கண்ணால் இரை தேடும் மீனிடத்தும், ஒளி ஊடுருவும் தெளிந்த நீரிலுமே அது செல்லும். விரால் கண்ணால் வேட்டையாடுவதுதான். ஆயினும் குட்டை நீரோ சேறும் பாசியும் கலந்தது. அதில் தொங்கும் தகடு சில அடி தூரத்திற்கப்பால் தெரியாது. தவிர, விரால் சூரையைப்போல் அலைந்து திரிவதன்று. அல்லி இலையின் நிழலிலும் கரையோரக் கோரையிலும் பதுங்கியிருந்து பாய்வது. எனவே தகட்டை ஓரிடத்தில் தொங்கவிட்டு ஈட்டியுடன் காத்திருப்பது வீண் பொழுதே. தகட்டை அதன் மறைவிடத்திற்குக் கொண்டுபோதல் வேண்டும். கரண்டி வடிவத்தில் வளைத்த வெள்ளித் தகட்டில் கொக்கி பொருத்தி, கோரையின் ஓரமாக எறிந்து மெல்ல இழுத்தால் விரால் பாய்ந்து கவ்வும். சிறு தவளையைக் கோத்த தூண்டிலும் அவ்வாறே. இவ்வழியில் பிடித்த மீன் உயிரோடு கிடைப்பதால் சந்தையில் கூடுதல் விலையும் வரும். ஈட்டியால் குத்துண்ட மீனுக்கு அது வராது.

ஈட்டியையே விரும்புவோர் விரால் காற்றுக் குடிக்க மேலே வரும் தருணத்தைப் பார்த்திருக்கலாம். கரையிலிருந்து சாய்வாக நோக்குங்கால் நீருக்குள் இருக்கும் மீன் உண்மையில் இருக்குமிடத்தினும் மேலே இருப்பதாகத் தோன்றும். ஆகையால் கண்ணுக்குத் தெரியும் மீனுக்குச் சற்றுக் கீழே குறிவைக்க வேண்டும். புதியவர்களின் ஈட்டி மீனின் முதுகுக்கு மேலாகப் போவது இதனாலேயே.

ஊர் ஏரியைப் பற்றி இங்கு ஒரு வார்த்தை. மழைக்காலத்தில் செந்நிறக் குஞ்சுத் திரள் நீர்மட்டத்தில் பந்துபோல் நகர்வதைக் காணலாம். அதன் கீழே தாயும் தந்தையும் காவலிருக்கும். குஞ்சுகளே இடத்தைக் காட்டிக்கொடுப்பதால் அவ்வேளையில் அவற்றைக் குத்துவது வெகு சுலபம். குத்திவிட்டாலோ காவலற்ற குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகும். சொந்தக் குட்டையில் பகையான விரால் ஊர் ஏரியில் பொதுச் சொத்து. ஊராட்சித் தலைவரும் ஏரிக் குத்தகைதாரரும் குஞ்சுத் திரளுடன் உள்ள விராலைத் தொடலாகாதெனக் கட்டுப்பாடு செய்தால், அடுத்த ஆண்டின் மகசூல் அங்கேயே நிற்கும். ஒரு வேளைக் குழம்புக்காக அத்தனையும் அழிவது எந்தக் கணக்குக்கும் பொருந்தாது.

குட்டையைப் பொறுத்தவரை தூண்டிலும் ஈட்டியும் சில்லறைப் பரிகாரமே. குஞ்சு விடுமுன் நீரை முழுதும் இறைத்து, தரை வெடிக்குமளவு காயவிடுதலே உத்தமம். ஈரச் சேற்றில் விரால் புதைந்து உயிர் தப்பும். இறைக்க இயலாத குட்டைக்கு, ஒரு மீட்டர் ஆழமுள்ள நீருக்கு ஏக்கர் ஒன்றுக்குச் சுமார் 1000 கிலோ இலுப்பைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து விடலாம். அந்நீரை வாய்க்காலிலோ ஊர் ஏரியிலோ கலக்க விடலாகாது. நஞ்சு தணிய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். பின்பு அதுவே உரமாகும். நீர் வரும் மடைக்கு நெருக்கமான கம்பி வலை அடித்து, கரையின் தாழ்ந்த இடங்களை மழைக்கு முன்னரே உயர்த்துக. பெருமழையில் விரால் ஈரத்தரையில் நெளிந்தும் வந்து சேரும். குஞ்சுகளை 10 சென்டிமீட்டர் நீளத்திற்குக் குறையாமல் வாங்கி, புண்ணாக்கின் வீரியம் தணிந்ததை நான்கைந்து குஞ்சுகளைக் குட்டைநீர் நிரப்பிய தொட்டியில் ஒருநாள் விட்டுப் பரீட்சித்த பிறகே குட்டையில் விடுக.